சட்டமும் பொருளாதாரக் கொள்கையும் மக்கள் உடல்நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயைக் குணப்படுத்துவது மருத்துவரின் வேலை. நாடாளுமன்றத்துக்கும் நிதியமைச்சருக்கும் அதில் என்ன பங்கு?

வந்த நோயைக் குணப்படுத்துவது மருத்துவரின் வேலை என்பதில் மறுப்பில்லை. ஆனால் நோய் யாருக்கு வரும், எத்தனை பேருக்கு வரும், ஊரின் எந்தப் பகுதியில் வரும் என்பவை பெரும்பாலும் மருத்துவமனை வாசலுக்கு வெகு தொலைவிலேயே முடிவாகிவிடுகின்றன. 1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடு வீடாக விசாரித்து, இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெருவின் கைப்பம்பில் தண்ணீர் பிடித்தவர்கள் என்று கண்டறிந்து, அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். கதையை வழக்கமாக இங்கேயே முடித்துவிடுவார்கள். உண்மையில், கைப்பிடியைக் கழற்றியபோதே நோயின் வேகம் தணியத் தொடங்கியிருந்தது. பரவல் அடங்கியதும் அதைத் திரும்பப் பொருத்தியும் விட்டார்கள்.

லண்டனைக் காலராவிடமிருந்து மீட்டது, அதற்கு 4 ஆண்டுகள் கழித்து வந்த ஒரு சட்டமும் அது ஒதுக்கித் தந்த பணமும்தான். 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் கரையிலிருந்த நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் இழுபட்டுக்கொண்டிருந்த கழிவுநீர்த் திட்டத்துக்கு அதன் பிறகு சில வாரங்களிலேயே சட்டம் நிறைவேறியது. ஜோசப் பசல்கெட் என்ற பொறியாளர் நகரத்துக்கு அடியில் மாபெரும் கால்வாய்களைக் கட்டினார். 1866-ல் காலரா மீண்டும் வந்தபோது, அந்தக் கால்வாய்த் திட்டம் இன்னும் முடிவடையாத கிழக்கு லண்டனைத்தான் அது கடுமையாகத் தாக்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தை நிறைவேற்றியவர்களில் பலர் நோய்க்குக் காரணம் நாற்றமே என்று நம்பியவர்கள். காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884-ல் நிறுவிக் காட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தவறான கோட்பாட்டை நம்பியவர்கள் சரியான குழாயைப் பதித்துவிட்டார்கள்.

எந்தெந்தச் சட்டங்களையும் கொள்கைகளையும் இங்கே குறிப்பிடுகிறீர்கள்?

பெயரிலேயே ‘சுகாதாரம்’ என்ற சொல் உள்ளவற்றை மட்டுமல்ல. எரிபொருளில் எது கலக்கலாம், உணவுப்பொருளில் எவ்வளவு கொழுப்பு இருக்கலாம், சிகரெட்டுக்கு எவ்வளவு கலால் வரி, வேலை இழந்தவருக்கு எத்தனை மாதம் உதவித்தொகை, ஒரு மருந்தின் காப்புரிமை எத்தனை ஆண்டு, இறக்குமதிக்கு எவ்வளவு தீர்வை, வாகனத்தில் வார்ப்பட்டை (சீட் பெல்ட்) கட்டாயமா என்பவை எல்லாமே இதில் அடங்கும். இவற்றில் பலவற்றை எழுதுபவர்கள் உடல்நலத்தை மனத்தில் வைத்தே எழுதுவதில்லை. அவற்றைக் கவனித்துப் படிக்க வேண்டியிருப்பதற்கும் அதுவே காரணம்.

ஒரு சட்டத்தால்தான் உடல்நலம் மாறியது என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? வேறு காரணங்களும் இருக்கலாமே?

இருக்கலாம், அதனால்தான் முன்பும் பின்பும் உள்ள எண்களை வெறுமனே அடுத்தடுத்து வைத்துவிட்டுச் சட்டத்துக்கு மாலை போடுவது தவறு. நம்பத்தக்க சான்று பொதுவாக மூன்று வழிகளில் கிடைக்கிறது. சட்டம் வந்த இடத்தையும் வராத இடத்தையும் ஒப்பிடலாம். சட்டத்தின் அளவு கூடக்கூட விளைவும் கூடுகிறதா என்று பார்க்கலாம். அல்லது காரணத்துக்கும் விளைவுக்கும் இடையிலுள்ள பொருளையே நேரடியாக அளந்துவிடலாம். மூன்றாவது வழிக்கு ஈயம் கலந்த பெட்ரோலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

என்ஜினின் தட்டலைக் குறைப்பதற்காக 1920-களில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் சேர்க்கத் தொடங்கினார்கள். ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரிந்த செய்தி. அந்தச் சேர்மத்தைத் தயாரித்த ஆலைகளிலேயே தொழிலாளர்கள் மனம் பிறழ்ந்து இறந்தார்கள். இருந்தும் விற்பனை நிற்கவில்லை. பூமியின் வயதைக் கணக்கிட முயன்ற கிளேர் பேட்டர்சன் என்ற அறிவியலாளர், தம் ஆய்வுக்கூடத்தின் ஒவ்வொரு தூசியிலும் ஈயம் கலந்திருப்பதைக் கண்டு, அது எங்கிருந்து வருகிறது என்று தேடப்போய்த்தான் 1960-களில் இந்தப் பிரச்சினை மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்காவில் 1970-களில் கட்டுப்பாடு தொடங்கியதற்குக்கூட, புகையைச் சுத்திகரிக்கும் கருவியை ஈயம் பாழாக்கிவிடுகிறது என்பது ஒரு முக்கியக் காரணமாக இருந்தது. 1976-க்கும் 1980-க்கும் இடையில் அந்நாட்டில் பெட்ரோலின் ஈயப் பயன்பாடு குறைந்தபோது, மக்களின் ரத்தத்திலிருந்த ஈயமும் அதே வளைகோட்டில் சுமார் 37 சதவீதம் குறைந்தது. இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் விளக்கம் தேவைப்படாது. கார்களுக்கான ஈயப் பெட்ரோலை உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021. நஞ்சு என்று தெரிந்த பொருளை வெளியேற்ற ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இலங்கையின் அனுபவமும் இதே அளவுக்குத் தெளிவானது. அங்கே 1995-ல் தற்கொலை விகிதம் உச்சத்தைத் தொட்டிருந்தது. அந்த ஆண்டு தொடங்கி, மனித உயிருக்கு மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த 20 ஆண்டுகளில் அந்த விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சரிந்தது. மக்களின் துயரம் அதே அளவுக்குக் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. நெருக்கடியான ஒரு கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருளின் கொடுமை குறைந்ததால், பலர் உயிர்பிழைத்து உதவி பெறும் நிலைக்கு வந்தார்கள். இந்தத் தடைகளால் விளைச்சல் வீழ்ந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை.

விலையை ஏற்றினால் மக்கள் பழக்கத்தை விட்டுவிடுவார்களா?

எல்லோரும் விடமாட்டார்கள், சிலர் விடுவார்கள், பலர் குறைப்பார்கள், தொடங்கவிருந்த இளைஞர்களில் ஒரு பகுதியினர் தொடங்கவே மாட்டார்கள். புகையிலையின் விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு செல்வ நாடுகளில் சுமார் 4 சதவீதமும் ஏனைய நாடுகளில் சுமார் 5 சதவீதமும் குறைகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. மெக்சிகோ 2014 ஜனவரியில் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பேசோ வரி விதித்தது. முதல் ஆண்டில் அவற்றின் விற்பனை, வரி இல்லாமல் இருந்திருந்தால் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட 5 சதவீதத்துக்குச் சற்று மேலாகவும், இரண்டாம் ஆண்டில் 10 சதவீதத்தை நெருங்கியும் குறைந்தது.

ஆனால் வரி எவ்வளவு என்பதைவிட, அது எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. பிரிட்டன் 2016 மார்ச்சில் ஒரு பான வரியை அறிவித்து, 2018 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 100 மில்லி லிட்டரில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை. 5 கிராமிலிருந்து ஒரு விகிதம். 8 கிராமைத் தொட்டால் அதைவிட உயர்ந்த விகிதம். இடையில் கிடைத்த 2 ஆண்டுகளில் பல நிறுவனங்கள் தம் பானங்களின் செய்முறையை மாற்றி, 5 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டன. அதாவது, வாங்குபவர் எதையும் விட்டுக்கொடுக்காமலே, பழைய புட்டியைப் பழையபடியே எடுத்துக்கொண்டு போகும்போதே, அவர் உடலுக்குள் போகும் சர்க்கரை குறைந்தது. ஒரு வரிவிதிப்பு வசூல் குறையக் குறைய வெற்றி பெறுவது நிதியமைச்சகங்களுக்குப் பழக்கமில்லாத இன்பம்.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டு டென்மார்க். வெண்ணெய், இறைச்சி போன்றவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்புக்கு 2011 அக்டோபரில் விதித்த வரியை 2013 ஜனவரிக்குள் அந்நாடு கைவிட்டது. மக்கள் எல்லை தாண்டிப் போய்ப் பொருள் வாங்கினார்கள். நிறுவனங்கள் கணக்கெழுதிச் சலித்தன. அரசியல் ஆதரவும் கரைந்தது.

இப்படிப்பட்ட வரி ஏழைகள் மீதுதானே அதிகம் விழுகிறது?

விழுகிறது. வருமானத்தில் பெரும்பகுதியை அன்றாடச் செலவுக்கே கொடுப்பவர், அதே வரியைத் தம் வருமானத்தின் பெரிய பங்காகக் கட்டுகிறார். இதை மறைத்துப் பேசும் சுகாதார ஆர்வலர்கள் தம் வாதத்தையே பலவீனப்படுத்திக்கொள்கிறார்கள். மறுபக்கமும் ஒன்று உண்டு: விலை ஏறும்போது அதிகம் குறைத்துக்கொள்பவர்களும் ஏழைகளே, ஆகவே நோய் குறைவதன் பலனில் பெரும்பங்கும் அவர்களுக்குப் போகிறது. இது நியாயமாக முடிகிறதா இல்லையா என்பதை, வசூலான பணம் எங்கே போகிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். பழக்கத்தை விட விரும்புபவருக்கு உதவி எதுவும் இல்லாமல் விலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும் அரசுக்கு, சுகாதாரம் என்பது கஜானாவின் மறுபெயராகிவிடும்.

கெடுதல் என்று தெரிந்த பின் ஒரேயடியாகத் தடை செய்துவிடுவதுதானே நேர்வழி?

எதைத் தடை செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஈயத்தையும், எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பையும் தடை செய்தது வெற்றி பெற்றது. கொழுப்பில் 100 கிராமுக்கு 2 கிராம் டிரான்ஸ் கொழுப்புக்கு மேல் கூடாது என்று டென்மார்க் 2003-ல் விதித்த வரம்பைப் பின்னர் பல நாடுகள் பின்பற்றின. சாப்பிடுபவர்களில் யாரும் டிரான்ஸ் கொழுப்புக்காக ஏங்கவில்லை. அது தயாரிப்பாளரின் வசதிக்காக உள்ளே வந்த பொருள். அதே டென்மார்க், அதே கொழுப்பு என்ற பொருள், ஒன்றில் வெற்றி, மற்றொன்றில் தோல்வி என்பதைக் கவனியுங்கள். முதலாவது சில நூறு தயாரிப்பாளர்களின் செய்முறையை மாற்றியது. இரண்டாவது பல லட்சம் பேரின் மனத்தை மாற்ற முயன்றது.

மக்கள் தாமே விரும்பித் தேடும் பொருளைத் தடை செய்தால் கதை வேறு. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பில் இருந்தபோது, கல்லீரல் நோய் இறப்புகள் குறைந்தது உண்மை; தொழிற்சாலைச் சாராயத்தைக் குடிக்காமல் தடுக்க அரசே அதில் நஞ்சு சேர்க்க வைத்ததும், அதையும் குடித்து மக்கள் இறந்ததும் உண்மை. சோவியத் ஒன்றியத்தில் 1985-ல் அதன் தலைவர் மிக்கைல் கோர்பச்சேவ் மது எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கினார். உற்பத்தி வெட்டப்பட்டது, கடைகள் மூடப்பட்டன, ஆண்களின் சராசரி ஆயுள் 2 ஆண்டுகளில் கண்கூடாக உயர்ந்தது. பிறகு கடைகளில் சர்க்கரை காணாமல் போகத் தொடங்கியது; வீட்டு அடுக்களைகளில் சாராயம் காய்ச்ச அது தேவைப்பட்டது. அரசின் வரி வருவாயில் பெரிய ஓட்டை விழுந்தது. இயக்கம் கைவிடப்பட்டதும் இறப்புகள் பழைய இடத்துக்கே திரும்பின.

நாடு பணக்கார நாடானால் உடல்நலம் தானாகவே உயர்ந்துவிடாதா?

ஓரளவுக்கு உயரும். சாமுவேல் பிரஸ்டன் என்ற மக்கள்தொகை அறிஞர் 1975-ல் வரைந்து காட்டிய வளைகோடு புகழ்பெற்றது: ஏழை நாட்டில் வருமானம் கொஞ்சம் கூடினாலும் ஆயுள் வேகமாக நீள்கிறது, ஒரு கட்டத்துக்குப் பிறகு கோடு ஏறத்தாழப் படுத்துவிடுகிறது. ஒரே வருமானத்துக்கு, காலம் செல்லச் செல்ல அதிக ஆயுள் கிடைத்துவந்ததையும் அவர் காட்டினார். தடுப்பூசி, குடிநீர், நோய் பற்றிய அறிவு ஆகியவை பணத்துக்கு அப்பால் வேலை செய்திருக்கின்றன. தன் உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிடும் அமெரிக்காவைவிட, தலா வருமானத்தில் வெகுவாகப் பின்தங்கிய கோஸ்டா ரிகாவில் மக்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள்.

நாட்டின் சராசரி மட்டும் போதாது என்பதற்கு லண்டனில் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு சான்று. ஆய்வில் இருந்த சுமார் 18,000 ஆண்களும் அரசு ஊழியர்கள். நிலையான வேலை உடையவர்கள். இலவச மருத்துவச் சேவை பெற்றவர்கள். யாரும் பட்டினி கிடக்கவில்லை. அப்படியிருந்தும் பதவி ஏணியின் கடைசிப் படியில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சிப்படியில் இருந்தவர்களைப் போல ஏறத்தாழ 3 மடங்காக இருந்தது. அதைவிட உறுத்துவது, நடுப்படிகளில் இருந்தவர்களும் தமக்கு நேர்மேலே இருந்தவர்களைவிட அதிகம் இறந்தார்கள் என்பதே. புகைபிடித்தல் போன்ற பழக்கங்கள் இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின. வேலையின் மீது தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது இதயத்தையும் தொடுகிறது என்று ஆய்வாளர் மைக்கேல் மார்மட்டும் அவருடைய குழுவினரும் பின்னர் வாதிட்டார்கள்.

பொருளாதாரம் சரிந்தால் மக்கள் அதிகமாக இறக்கிறார்களா?

இதற்கு எதிர்பாராத விடை கிடைக்கிறது. 1930-களின் பெருமந்தத்தின்போது அமெரிக்காவில் தற்கொலைகள் கூடின. மொத்த இறப்பு விகிதமோ கூடவில்லை, குறைந்தது. மந்தத்தில் ஆலைகளும் வாகனங்களும் குறைவாக ஓடுவதால் விபத்துகள் குறைகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. ஆனால் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1994-ல் 58-க்கும் கீழே விழுந்தது. அமைதிக் காலத்தில், தொழில்வளம் பெற்ற ஒரு நாட்டில், இவ்வளவு வேகமான சரிவு அரிது. வேலை, ஓய்வூதியம், சேமிப்பின் மதிப்பு, மருத்துவ வசதி எல்லாமே ஒரே சமயத்தில் ஆட்டம் கண்டன. மலிவான மது மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, விழுபவரைத் தாங்க என்ன இருந்தது என்பதில் இருப்பதாக நான் கருதுகிறேன். சுவீடனில் 1990-களின் தொடக்கத்தில் வேலையின்மை திடீரென உயர்ந்தபோதும் தற்கொலை விகிதம் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தது. வேலை இழந்தவரை உடனே பயிற்சிக்கோ மாற்று வேலைக்கோ கொண்டுசேர்க்கும் திட்டங்கள் அங்கே ஏற்கெனவே இருந்தன. கிரீசிலோ நெருக்கடியின்போது பொதுச் செலவு கடுமையாக வெட்டப்பட்டது. போதை ஊசி பயன்படுத்துவோரிடையே ஆண்டுக்கு 20-க்கும் குறைவாக இருந்த புதிய எச்.ஐ.வி. தொற்றுகள் 2012-ல் 500-ஐத் தாண்டின. சுத்தமான ஊசி வழங்கும் சேவை முன்பிருந்தே போதாமல் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; வெட்டு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் அல்ல.

செலவைக் குறைக்கும் முடிவு நேரடியாக நோயை உண்டாக்க முடியுமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சுமார் 1 லட்சம் பேர் வாழ்ந்த ஃபிளின்ட் நகரம் இதற்குப் பாடநூலாகிவிட்டது. கடனில் தவிக்கும் நகரத்துக்கு அவசர நிலை மேலாளர் ஒருவரை மாநில அரசே நியமிக்கலாம் என்று அங்கே ஒரு சட்டம் இருந்தது. அப்படி நியமிக்கப்பட்டவரிடம், தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றத்தின் அதிகாரங்கள் போய்ச்சேர்ந்தன. 2014 ஏப்ரலில், பணத்தை மிச்சப்படுத்த, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிவந்த தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்று நீரைக் குழாய்களில் விட்டார்கள். அந்த நீர் உலோகத்தை அரிக்கும் தன்மை கொண்டது. அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் கரைந்து குடிநீரில் கலந்தது.

குழாயில் வந்த தண்ணீர் கலங்கி நாறுவதாக மக்கள் புட்டிகளில் பிடித்துக் கூட்டங்களுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று பதில் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில், நகரத்திலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின் ஆலை, இந்தத் தண்ணீர் உதிரி பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கிறது என்று சொல்லி வேறு இடத்து நீருக்கு மாறிக்கொள்ள அனுமதி பெற்றது. இரும்புக்கு ஆகாத தண்ணீரை நகர மக்கள் அதன் பிறகு ஓராண்டு குடித்தார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை உள்ளூர்க் குழந்தை மருத்துவர் ஒருவர் எண்களோடு வெளியிட்ட பிறகு, 2015 அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்ப வந்தது. மிச்சப்படுத்த நினைத்த தொகையைப் போலப் பல மடங்கு, குழாய்களை மாற்றுவதிலும் இழப்பீட்டிலும் போயிற்று.

மருந்தின் விலையைச் சட்டம் எப்படித் தீர்மானிக்கிறது?

காப்புரிமையின் வழியாக. உலக வர்த்தக அமைப்பின் 1995 அறிவுசார் சொத்து ஒப்பந்தம், உறுப்பு நாடுகள் மருந்துகளுக்கும் குறைந்தது 20 ஆண்டுக் காப்புரிமை தர வேண்டும் என்று விதித்தது. வளரும் நாடுகளுக்குக் கால அவகாசம் இருந்தது. 2000-ஐ ஒட்டி எச்.ஐ.வி. கூட்டுமருந்துக்கு ஆண்டுக்கு ஒரு நோயாளிக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. இந்தியாவின் 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு அல்லாமல் தயாரிப்பு முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்திருந்ததால், அதே மருந்துகளை வேறு முறையில் தயாரிக்கும் நிறுவனங்கள் அங்கே வளர்ந்திருந்தன. அவற்றில் ஒன்றான சிப்லா 2001 பிப்ரவரியில் அதே சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. வேதியியல் மாறவில்லை, சட்டத்தின் ஒரு பிரிவு வேறாக எழுதப்பட்டிருந்தது, அவ்வளவே. அதே ஆண்டு நவம்பரில் வெளியான தோஹா பிரகடனம், பொது சுகாதாரத்தைக் காக்கக் கட்டாய உரிமம் (காப்புரிமை பெற்றவரின் சம்மதம் இல்லாமலே மருந்தைப் பிறர் தயாரிக்க அரசு தரும் அனுமதி) வழங்கும் உரிமை நாடுகளுக்கு உண்டு என்று உறுதிப்படுத்தியது.

காப்புரிமையே இல்லாவிட்டால் புதிய மருந்துக்கான ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஏழைகளை மட்டுமே தாக்கும் நோய்களுக்குக் காப்புரிமை இருந்தும் ஆராய்ச்சி பெரிதாக நடக்கவில்லை என்பதையும் அந்தக் கேள்வியோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

வர்த்தக ஒப்பந்தங்கள் சுகாதாரச் சட்டங்களின் கையைக் கட்டிவிடுகின்றனவா?

சில சமயம் கட்டுகின்றன. பசிபிக் தீவு நாடான சமோவா, கொழுப்பு மிகுந்த வான்கோழி வால் துண்டுகளின் இறக்குமதியை 2007-ல் தடை செய்தது. ஏற்றுமதி செய்யும் நாட்டில் அதிகம் விலை போகாத கழிவுத் துண்டு அது. சமோவா 2012-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது அந்தத் தடையை விலக்கிக்கொள்ள ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

வேறுவிதமாக முடிந்த வழக்கும் உண்டு. சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று உருகுவே விதித்ததை எதிர்த்து, பிலிப் மோரிஸ் நிறுவனம் 2010-ல் ஒரு முதலீட்டு ஒப்பந்தத்தின் கீழ் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 2016 ஜூலையில் உருகுவே வென்றது. அதன் வழக்குச் செலவின் பெரும்பகுதியை நிறுவனமே தர வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. ஆயினும், 6 ஆண்டு வழக்கு நடத்தும் துணிவும் வெளியுதவியும் எல்லாச் சிறிய நாடுகளுக்கும் கிடைப்பதில்லை. அப்போது உருகுவேயின் புகையிலைச் சட்டங்களை முன்னின்று கொண்டுவந்த அதிபர் தபாரே வாஸ்கெஸ் ஒரு புற்றுநோய் மருத்துவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

என் உடம்பு என் விருப்பம்; அரசு ஏன் தலையிட வேண்டும்?

பிறருக்குத் தீங்கு நேரும் இடத்தில் விடை ஓரளவு எளிது. பெரியம்மைத் தடுப்பூசியை மறுத்த ஒருவருக்கு மாசசூசெட்ஸில் விதித்த 5 டாலர் அபராதம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905-ல் ஜேக்கப்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. உலகின் பல சுகாதாரச் சட்ட விவாதங்களில் இன்றும் அது மேற்கோள் காட்டப்படுகிறது. மேற்கோள் காட்டுபவர்கள் அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும்: 1927-ல் அதே நீதிமன்றம் அதே தீர்ப்பை ஆதாரமாகக் காட்டி, ‘தகுதியற்றவர்’ என்று முத்திரை குத்தப்பட்ட பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. அந்த வழியில் அமெரிக்காவில் 60,000-க்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு உள்ளானார்கள். பொது நன்மை என்ற சொல்லுக்கு அளவுகோலும் மேல்முறையீடும் இல்லாவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தனக்கு மட்டுமே தீங்கு என்ற இடத்தில் கருத்து வேறுபாடு நியாயமானது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-ல் வார்ப்பட்டையைக் கட்டாயமாக்கியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்று அதை யாரும் அடக்குமுறையாக நினைப்பதில்லை. சிறிய தொல்லை, பெரிய பயன், எல்லோருக்கும் ஒரே விதி என்ற மூன்றும் சேர்ந்தால் நான் சட்டத்தின் பக்கம் நிற்பேன். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தயங்குவேன்.

ஒரு புதிய சட்டம் மக்கள் உடல்நலத்துக்கு உதவுமா என்று சாதாரண வாசகர் எப்படிக் கணிப்பது?

முகவுரையைத் தாண்டிப் போய்விடுங்கள். அதில் எல்லாச் சட்டங்களும் நல்லவையே. விதிவிலக்குப் பட்டியலைப் படியுங்கள். நடைமுறைக்கு வரும் தேதியைப் பாருங்கள். சோதனை செய்ய எத்தனை ஆய்வாளர்கள், அவர்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று தேடுங்கள். அபராதம் ஒரு நாள் லாபத்தைவிடக் குறைவாக இருந்தால் அது அபராதமல்ல, கட்டணம். முயற்சி எடுக்க வேண்டியவர் சில தயாரிப்பாளர்களா, கோடிக்கணக்கான தனிமனிதர்களா என்று கேளுங்கள். முந்தையதே பெரும்பாலும் பலித்திருக்கிறது.

கடைசியாக, வினைச்சொற்களைப் பாருங்கள். லண்டனுக்கு வெளியே இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமாக 1848-ல் இயற்றப்பட்ட பொது சுகாதாரச் சட்டம், வரி கட்டுவோரில் பத்தில் ஒருவர் மனுக் கொடுத்தால் உள்ளூர்ச் சுகாதார வாரியம் அமைக்கலாம் என்றது. ஆண்டுக்கு 1,000 பேரில் 23 பேருக்கு மேல் இறக்கும் ஊரில் மட்டுமே மேலிருந்து வற்புறுத்த வழி வைத்திருந்தது. 22 பேர் இறந்த ஊர், மனுக் கொடுக்க ஆளில்லாவிட்டால், அப்படியே இருக்கலாம். அந்த ‘லாம்’ என்ற விகுதி ‘வேண்டும்’ என்று நாடு முழுவதற்கும் உறுதியாக மாற 1875-ன் சட்டம் வரை 27 ஆண்டுகள் பிடித்தன.